கொடுங்கோல் ஆட்சிக்குக் காசு குடுத்த கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேக்கறது எப்படி

"அந்த பேங்க் அந்த அரசாங்கத்துக்குக் கடன் குடுத்துச்சு, அந்தக் காசுலதான் எங்க சனங்களைச் சுட்டாங்க." இது நூத்துக்கு நூறு உண்மையாவே இருக்கலாம், ஆனா இந்த ஒரு வரியை மட்டும் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா கேஸ் நிக்காது. தென்னாப்பிரிக்கா மக்கள் இதை 2002-லேருந்து 2016 வரைக்கும் நியூயார்க் கோர்ட்ல 14 வருஷம் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டாங்க. இன்னைக்கு யாராவது இந்த மாதிரி ஒரு கேஸ் எடுக்கணும்னு நெனச்சா, அவங்க நடந்த பாதைல எங்க முள்ளு கெடந்துச்சு, எங்க வழி இருந்துச்சுன்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும். அதுக்குத்தான் இதை எழுதறேன்.

நான் வக்கீல் இல்ல. மதுரைல ஒரு வக்கீல் ஆபீஸ்ல மனுவும் வாக்குமூலமும் டைப் பண்ற வேலைலயே பல வருஷம் ஓடிடுச்சு, அதுல முக்காவாசி வண்டி விபத்து கேஸ். 2002 நவம்பர்ல குளுமானிங்கற தென்னாப்பிரிக்கா அமைப்பு இருபதுக்கு மேல கம்பெனிங்க மேல நியூயார்க்ல கேஸ் போட்டுச்சு. குளுமானின்னா ஜூலு மொழில வாயைத் திறந்து பேசுங்கன்னு அர்த்தம், நிறவெறி ஆட்சில அடிபட்டவங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்களும் 1995-ல சேர்ந்து ஆரம்பிச்சது. அந்தச் செய்தியைப் படிச்ச நாள்லேருந்து இந்தக் கேஸ் எங்க போகுது எங்க நிக்குதுன்னு பாத்துட்டே இருக்கேன், ஏன்னா நாங்க தினமும் பண்ற வேலையும் இதுவும் அடிப்படைல ஒண்ணுதான். லாரி மோதி ஆள் செத்தா ஓட்டின டிரைவர்கிட்ட நாலு காசு இருக்காது, வண்டி ஓனரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்த்துத்தான் மனு போடுவோம், டிரைவர் ஓடிப் போயிட்டாலும் மனு நிக்கும். கொடுங்கோல் ஆட்சியும் அப்படித்தான். ஆட்சி கவுந்துடும், மந்திரி செத்துடுவான், சித்திரவதை பண்ண போலீஸ்காரனுக்கு, ஆட்சி மாறினதும் பழைய கொடுமையை விசாரிக்க வைக்கற உண்மை ஆணையத்துல மன்னிப்பு கெடச்சுடும், ஆனா கடன் குடுத்த பேங்கும் ஜீப் வித்த கம்பெனியும் அதே போர்டோட அதே தெருவுல இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து நாலே நாலு கேள்வி எழுதுங்க. யாரு அடிச்சது, எதை வச்சு அடிச்சது, அந்த 'எது'வை யாரு குடுத்தது, குடுக்கும்போது அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு. சங்கிலி மாதிரி இது நாலு கண்ணி, ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர் வக்கீல் அங்கதான் கையை வைப்பான். நம்ம ஆளுங்க முதல் கேள்விக்கு நாப்பது பக்கம் எழுதுவாங்க, ஏன்னா வலி அங்கதான் இருக்கு, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் ரெண்டு வரி எழுதி விட்டுடுவாங்க. கேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும் அந்த ரெண்டு வரிலதான்.

2009 ஏப்ரல்ல நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். ஷிரா ஷைன்ட்லின்ங்கற நீதிபதி குளுமானி கேஸ்லயும் அதோட சேர்ந்து நடந்த இன்னொரு கேஸ்லயும் உத்தரவு போட்டாங்க. டைம்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஐபிஎம், ரைன்மெட்டால் மேல கேஸ் நடக்கலாம்னு சொன்னாங்க, பார்க்ளேஸ் பேங்க், யுபிஎஸ் பேங்க் ரெண்டையும் வெளிய விட்டுட்டாங்க. காரணம் என்னன்னா, போலீஸுக்கும் ராணுவத்துக்கும்னே செஞ்ச வண்டி, கறுப்பின மக்களோட குடியுரிமையைப் பிடுங்கறதுக்கு உதவின கம்ப்யூட்டர், இதெல்லாம் நேரா அந்தக் குற்றத்தைச் செய்யற கருவி, ஆனா கடன் குடுக்கறது அந்தக் குற்றத்துக்குப் போதுமான அளவு நெருக்கம் இல்லன்னுட்டாங்க, அந்தக் கடன் இல்லாட்டி வேற எங்கயும் காசு கெடச்சிருக்காதுன்னு இருந்தாலும்கூட. எனக்கு இதைப் படிச்சப்போ நெஞ்சு கொதிச்சுது, இன்னமும் அது தப்பான தீர்ப்புன்னுதான் நெனைக்கறேன். ஆனா கொதிச்சு என்ன பண்ண, பணத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை நாமதான் சாட்சியத்தால அடைக்கணும்.

எப்படி அடைக்கறது? பணம் நின்னா என்ன ஆகும்னு காட்டணும். தென்னாப்பிரிக்காவுல இதுக்கு 1985-ஐ விடப் பெரிய சாட்சி கெடையாது. அந்த வருஷம் ஜூலைல சேஸ் மன்ஹாட்டன் பேங்க் இனிமே குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மாட்டோம்னு கையை விரிச்சுது, மத்த பேங்க்குங்களும் பின்னாலயே வந்துச்சு, ஆகஸ்ட் 15 அன்னைக்கு அதிபர் போத்தா டர்பன் நகரத்துல பேசின பேச்சுல மாற்றம் எதுவும் வராதுன்னு தெரிஞ்சதும் அந்த நாட்டுக் காசான ராண்டோட மதிப்பு சரிஞ்சுது, செப்டம்பர் 1-ந் தேதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டறதையே நிறுத்தி வச்சுது. அப்பறம் கடன் குடுத்தவங்களோட உக்காந்து பேசித் தவணை வாங்கினாங்க. சில வாரத்துல இவ்வளவு ஆட்டம் கண்ட ஆட்சின்னா அதுக்கு முன்னாடி அதைத் தாங்கிப் பிடிச்சது யாரு? உங்க கேஸ் எந்த நாடா இருந்தாலும் இந்த மாதிரி ஒரு தருணத்தைத் தேடுங்க, காசு நின்னப்போ ஆட்சி தடுமாறினது, காசு வந்ததும் புது ஆயுதம் வாங்கினது, தேதியோட.

இந்த வாதம் எடுபடும்னு 2025 அக்டோபர்ல நியூயார்க்ல ஒரு ஜூரி காட்டிட்டாங்க. பிஎன்பி பாரிபாங்கற பிரெஞ்சு பேங்க், சூடான்ல அல் பஷீர் ஆட்சி நடந்தப்போ ஜெனீவா கிளை வழியா எண்ணெய் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது பணத்துக்கு பேங்க் பொறுப்புங்கற உத்தரவாதக் கடிதம் குடுத்து, அமெரிக்கத் தடை இருக்கும்போதே டாலரை ஓட விட்டுச்சு. 2014-ல அமெரிக்கால குற்றத்தை ஒத்துக்கிட்டு கிட்டத்தட்ட 900 கோடி டாலர் கட்டுச்சு, அபராதம்னா அது அரசாங்கத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவன் கைக்கு வராது. அதனால 2016-ல சூடான் அகதிகளே கேஸ் போட்டாங்க. 2018-ல கீழ்க் கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, 2019-ல மேல்முறையீட்டுல உயிர் வந்துச்சு, கடைசில மூணு பேரோட கேஸை மாதிரிக்கு எடுத்து விசாரிச்சு மொத்தம் 2 கோடி டாலருக்கும் மேல குடுக்கணும்னு ஜூரி சொன்னாங்க. அவங்க பின்னால வரிசைல இன்னும் ஆயிரக்கணக்கான அகதிங்க இருக்காங்க. பேங்க் அப்பீலுக்குப் போயிருக்கு, அதனால பணம் கைக்கு வந்துடுச்சுன்னு யாரும் நெனச்சுடாதீங்க.

இந்தக் கேஸ்ல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, அவங்க கேஸ் நடத்தினது சுவிஸ் சட்டத்தை வச்சு. குத்தம் நடக்க பேங்க் உதவி பண்ணது ஜெனீவாவுல, அதனால சுவிஸ் கடமைச் சட்டம் 50-ம் பிரிவு. தூண்டினவன், செஞ்சவன், ஒத்தாசை பண்ணவன் எல்லாரும் சேர்ந்து பொறுப்புன்னு அது சொல்லுது. கோர்ட் நியூயார்க், சட்டம் சுவிஸ், அடிபட்டது சூடான்ல டார்ஃபூர்லயும் மத்த இடத்துலயும். இப்படிக் கலந்து வரலாம்னு நம்ம ஆளுங்க பல பேருக்குத் தெரியறதில்ல. ரெண்டாவது, 2014-ல பேங்க் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட உண்மை விவரப் பத்திரம். அதுல யாரு யாருக்கு என்ன ஈமெயில் அனுப்பினாங்கங்கற அளவுக்கு விவரம் இருக்கு. நீங்க குறி வைக்கற கம்பெனி எங்கயாவது, எந்த நாட்டுலயாவது, வரி ஏய்ப்புக்கோ தடை மீறலுக்கோ லஞ்சத்துக்கோ அபராதம் கட்டியிருக்கான்னு முதல்ல தேடுங்க. நீங்க பத்து வருஷம் தேட வேண்டிய காகிதத்தை அந்த ஊர் அரசு வக்கீல் ஏற்கெனவே தேடி வெளியிட்டிருப்பாரு.

காகிதம்னு வந்துட்டதால கொஞ்சம் நின்னு பேசறேன், எனக்குக் கொஞ்சமாச்சும் தெரிஞ்ச விஷயம் இதுதான். கம்பெனிகிட்டயே போய் ஆவணம் குடுன்னு கேட்டா குடுக்காது. பிரேசில்ல ஃபோக்ஸ்வேகன் கேஸ்ல சாட்சியம் எங்க கெடச்சுதுன்னா ரகசியப் போலீஸோட பழைய ஆவணக் காப்பகத்துல. 1964-லேருந்து 1985 வரைக்கும் அங்க ராணுவ ஆட்சி, சாவ் பெர்னார்டோ தொழிற்சாலையோட செக்யூரிட்டி ஆளுங்க யூனியன் ஆளுங்க பேரைப் போலீஸுக்குக் குடுத்தாங்க, தொழிற்சாலைக்குள்ளயே வந்து கைது பண்ணாங்க. கம்பெனி தன் பக்கத்து நகலைக் கிழிச்சுப் போட்டிருந்தாலும் போலீஸ்காரன் தன் ஃபைலைப் பத்திரமா வச்சிருந்தான். எந்தக் கடிதத்துக்கும் ரெண்டு முனை உண்டு, ஒரு முனை மூடியிருந்தா அடுத்த முனைக்குப் போங்க. 2014 டிசம்பர்ல உண்மை ஆணைய அறிக்கை வந்துச்சு, 2015-ல தொழிலாளிங்க அரசு வக்கீல்கிட்ட மனு குடுத்தாங்க, 2017-ல கம்பெனியே அமர்த்தின வரலாற்றுப் பேராசிரியர் அறிக்கையும் செக்யூரிட்டி ஆளுங்க போலீஸோட ஒத்துழைச்சதை ஒத்துக்குச்சு, 2020 செப்டம்பர்ல பிரேசில் காசுல 3.6 கோடி ரெயாலுக்கு ஒப்பந்தம் ஆச்சு. தொழிலாளி கைக்காசு போட்டு வக்கீல் வைக்காம அரசு வக்கீல் வழியா போனதால இது நடந்துச்சு. உங்க நாட்டுல அப்படி ஒரு வழி இருந்தா அதை விட்டுடாதீங்க.

பேங்க் கேஸ்னா பழைய செய்தித்தாளைப் புரட்டுங்க, விளையாட்டா சொல்லலை. அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தைல கடன் பத்திரம் போட்டா, போட்டு முடிச்சதும் பொருளாதாரப் பத்திரிகைகள்ல கட்டம் கட்டி ஒரு விளம்பரம் வரும். மேல கடன் வாங்கின நாட்டோட பேரு, நடுவுல தொகையும் வட்டியும் எந்த வருஷம் முதிருதுங்கறதும், கீழ வரிசையா பேங்க்குங்க பேரு, தலைமை தாங்கினவன் பேரு பெருசா, கூட வந்தவங்க பேரு சின்னதா. பெருமைக்காக அவங்களே காசு குடுத்துப் போட்ட விளம்பரம் அது, இல்லன்னு மறுக்க முடியாது. நூலகத்துல மைக்ரோஃபிலிம்ல கெடைக்கும். ஒரு நகல் எடுத்து தேதி, பக்கம், நூலகம் பேரு மூணையும் பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க. அந்தப் பெயர்ல இன்னைக்கு அந்த பேங்க் இல்லாமலும் இருக்கலாம், அதையும் தேடணும். தென்னாப்பிரிக்காவோட ஆயுதப் பணம் ஓடினதா குற்றம் சாட்டப்பட்ட லக்ஸம்பர்க் பேங்க் கேபிஎல், 2020-லேருந்து குவின்டெட்னு வேற பேருல இருக்கு. பேரு மாறினா பொறுப்பு போயிடாது, ஆனா மனுல பழைய பேரைப் போட்டீங்கன்னா அதைக் காரணம் காட்டியே ஒரு வருஷம் இழுப்பாங்க.

இன்னொண்ணு, இதைத் தடிச்ச எழுத்துல மனசுல வச்சுக்கோங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடி நகல் எடுங்க. குளுமானி கேஸ் போட்ட அடுத்த வருஷமே, 2003-ல, சுவிஸ் அரசாங்கம் தென்னாப்பிரிக்காவுக்குப் போன மூலதனம் பத்தின அரசு ஃபைல்களைப் பாக்கத் தடை போட்டுடுச்சு, அவங்க நாட்டு பேங்க்குங்க கேஸ்ல மாட்டியிருக்கறதாலதான். 2014-லதான் எடுத்தாங்க. பதினோரு வருஷம்! அதுக்குள்ள கேஸே முடியற கட்டத்துக்கு வந்துடுச்சு. தென்னாப்பிரிக்காவுல 2000-ம் வருஷத்துத் தகவல் சட்டம் இருக்கு, நம்ம ஊர் ஆர்டிஐ அரசு அலுவலகத்தை மட்டும்தான் கேக்கும், அங்க தன்னோட உரிமையைக் காப்பாத்திக்க வேணும்னு காட்டினா தனியார் கம்பெனிகிட்டயும் கேக்கலாம். அமெரிக்கால இருக்கற கம்பெனியோட ஆவணம் வேணும், ஆனா கேஸ் நடக்கறது வேற நாட்டுல, அப்படின்னா அமெரிக்க கோர்ட்ல ஆவணம் மட்டும் கேட்டு மனு போட 1782-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உங்க வக்கீல்கிட்ட இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்க.

அடிபட்டவங்க வாக்குமூலம். இதை அவசரப்பட்டு எடுக்காதீங்க. எந்த வருஷம், எந்தத் தேதின்னு கேட்டா வயசானவங்க ஒரு தேதியைச் சொல்லிடுவாங்க, உங்களைத் திருப்திப்படுத்தறதுக்காகச் சொல்றது, அது தப்பா இருந்தா குறுக்கு விசாரணைல மொத்த வாக்குமூலமும் ஆட்டம் கண்டுடும். ஒருதடவை ஒரு அம்மா, மகனை லாரில பறிகொடுத்தவங்க, என் எதிர்ல உக்காந்திருந்தாங்க. தேதி கேட்டேன், முழிச்சாங்க. தண்ணி குடிக்கச் சொல்லிட்டு அன்னைக்கு காலைல என்ன சமைச்சீங்கன்னு கேட்டேன். "சமைக்கலப்பா, மாரியம்மனுக்குக் காப்பு கட்டின மறுநாளு, கூழுதான் ஊத்துனோம்"னாங்க. கோயில் கமிட்டில திருவிழா நோட்டீஸ் வாங்கிப் பாத்தா தேதி கையில. தென்னாப்பிரிக்காவுல கறுப்பின மக்கள் வாழற சொவெட்டோவுலயோ, டார்ஃபூர்லயோ இதே மாதிரிதான், மழை பிடிச்ச வாரம், பள்ளிக்கூடம் மூடின மாசம், பக்கத்து வீட்டுப் பொண்ணு பொறந்த அன்னைக்கு. அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே அவங்க மொழில எழுதுங்க, அப்பறம் மொழிபெயர்ப்பு தனியா. சுட்டவன் போட்டிருந்த சட்டை என்ன நெறம், வந்த வண்டிக்கு எத்தனை சக்கரம், வண்டில என்ன எழுத்து இருந்துச்சு, இதைக் கேக்க மறந்துடாதீங்க, ரெண்டாவது கண்ணியும் மூணாவது கண்ணியும் சேர்ற இடம் அதுதான். அழுதா நிறுத்துங்க, நாளைக்கு வாங்க.

வீட்டுல என்ன காகிதம் இருக்குன்னும் பாருங்க, டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால. தென்னாப்பிரிக்காவுல 1952 சட்டப்படி கறுப்பின மக்கள் எப்பவும் கையில வச்சிருக்கணும்னு ஒரு புத்தகம் இருந்துச்சு, மக்கள் அதை டொம்பாஸ்னு வெறுப்போட கூப்பிடுவாங்க, முட்டாள் பாஸ்னு அர்த்தம். போட்டோ, அடையாள எண், வரி கட்டின விவரம், அதோட வேலை குடுக்கற முதலாளி மாசா மாசம் போடற கையெழுத்து. கையெழுத்து விட்டுப்போனா ஆளு ஜெயில்ல. அந்தப் புத்தகத்தை இன்னைக்கு ஒருத்தங்க அலமாரில இருந்து எடுத்தா, எந்தக் கம்பெனி எந்த மாசத்துல அந்தக் கட்டுப்பாட்டு எந்திரத்துக்குத் தன் கையாலயே கையெழுத்துப் போட்டுச்சுன்னு பக்கம் பக்கமா இருக்கும். அவமானச் சின்னம்னு 1986-ல அந்தச் சட்டம் போனப்போ எரிச்சவங்க உண்டு, அவங்க கோபம் நியாயம். வச்சிருந்தவங்க கையில அது இன்னைக்கு சாட்சி. டர்பன்ல நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு பாஸ் புத்தகம் இல்லன்னாலும் 1950 குழுப் பகுதிச் சட்டத்துல வீட்டை விட்டுத் துரத்தி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பின காகிதங்கள் பல வீட்டுல இருக்கும், அதுவும் இதே கணக்குதான்.

நாலாவது கண்ணி, தெரிஞ்சே குடுத்தாங்களா. இதுக்குப் பெரிசா அலைய வேண்டாம், ஒரு காலவரிசை போட்டாலே போதும். 1960 மார்ச் 21 ஷார்ப்வில்ல 69 பேரைச் சுட்டுக் கொன்னாங்க, உலகம் பூரா பேப்பர்ல வந்துச்சு. 1973-ல ஐநா நிறவெறியைக் குற்றம்னு ஒப்பந்தமே போட்டுச்சு, 1976 ஜூன் 16 சொவெட்டோவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைச் சுட்டாங்க, 1977-ல பாதுகாப்புச் சபை ஆயுதம் விக்கக் கூடாதுன்னு கட்டாயத் தடை. இந்தப் பக்கம் இந்தத் தேதி, அந்தப் பக்கம் கம்பெனி போட்ட ஒப்பந்தத் தேதி, ரெண்டு பத்தி. 1977 நவம்பருக்கு அப்பறம் வித்தவன் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பங்குதாரர் கூட்டத்துல யாராவது எழுந்து கேள்வி கேட்டிருந்தா, அந்தக் கூட்டக் குறிப்பு இன்னும் பலமான ஆதாரம்.

கம்பெனிப் பட்டியலைச் சின்னதா வையுங்க. கோபத்துல எல்லாப் பேரையும் போடத் தோணும். குளுமானியும் இருபதுக்கு மேல போட்டு ஆரம்பிச்சது, 2004-ல கீழ்க் கோர்ட் மொத்தமா தள்ளுபடி பண்ணுச்சு, 2007-ல மேல்முறையீட்டுல ஜெயிச்சு வந்தப்பறம் 2008-ல எட்டு கம்பெனியாக் குறைச்சாங்க, அப்பறம்தான் கேஸுக்கு முதுகெலும்பு வந்துச்சு. நாலு கண்ணியும் முழுசா இருக்கற கம்பெனி மட்டும் போதும்.

எந்தக் கோர்ட்டுங்கறது அடுத்த கேள்வி. 1789-ம் வருஷத்து அமெரிக்க வெளிநாட்டவர் வழக்குச் சட்டம்னு ஒண்ணை நம்பித்தான் தென்னாப்பிரிக்கா கேஸ் போச்சு. 2013-ல கியோபெல்ங்கற இன்னொரு கேஸோட தீர்ப்புல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு வெளிய நடந்ததுக்கு இந்தச் சட்டம் பொதுவா ஓடாதுன்னு சொன்னதும் கதவு சாத்திக்கிச்சு, 2014-ல ஃபோர்டும் ஐபிஎம்மும் வெளிய போயாச்சு, 2016-ல உச்ச நீதிமன்றம் அப்பீலையே எடுத்துக்கலை. 2018-ல வெளிநாட்டுக் கம்பெனி மேல இந்தச் சட்டத்துல கேஸே போட முடியாதுன்னும் ஆச்சு. பழைய கட்டுரைகளைப் படிச்சுட்டு இந்தச் சட்டத்தை நம்பி இன்னைக்குக் கிளம்பாதீங்க. ஓஈசிடிங்கற பொருளாதாரக் கூட்டமைப்புல இருக்கற நாடுகள்ல தேசியத் தொடர்பு மையம்னு இருக்கு, செலவில்லாம புகார் குடுக்கலாம், 2018-ல தென்னாப்பிரிக்காவோட ஓபன் சீக்ரெட்ஸ்ங்கற அமைப்பு, பெல்ஜியத்தோட கேபிசி பேங்க் மேலயும் முன்னாடி சொன்ன கேபிஎல் மேலயும் அப்படிக் குடுத்தாங்க. ஆனா அந்த மையத்துக்குப் பணம் குடுன்னு உத்தரவு போடற அதிகாரம் கெடையாது, பதிவுல ஏத்தறதுக்கு மட்டும் உதவும்.

சொந்த நாட்டுக் கோர்ட்டை ஏளனமா நெனைக்காதீங்கங்கறதுதான் நான் அழுத்திச் சொல்ல வர்றது. குளுமானி கேஸ்ல தென்னாப்பிரிக்கா தரப்புல நின்ன வக்கீல்கள்ல ஒருத்தர் சார்ல்ஸ் ஏப்ரஹாம்ஸ். நியூயார்க்ல கதவு சாத்தினாலும், அவரும் ரிச்சர்ட் ஸ்பூர்ங்கற வக்கீலும் லீகல் ரிசோர்சஸ் சென்டர்ங்கற சட்ட உதவி அமைப்பும் ஜோகன்னஸ்பர்க்ல தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கேஸ் நடத்தினாங்க. கறுப்பினத் தொழிலாளியை மலிவாக் கொண்டு வந்து பூமிக்கடில தள்ளி, கல் தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிகோசிஸ் வந்ததும் ஊருக்கு அனுப்பின கம்பெனிங்க அதுங்க. நிறவெறிக் கொள்கையை வடிவமைக்கவே உதவினதுன்னு உண்மை ஆணையம் 1998 அறிக்கைல முதல் நிலைல வச்சது சுரங்கத் துறையைத்தான். 2016-ல கிளாஸ் ஆக்‌ஷனுக்கு, அதாவது பாதிக்கப்பட்ட எல்லாருக்குமா சேர்த்து ஒரே கேஸா நடத்த, கோர்ட் அனுமதி குடுத்துச்சு, 2018-ல ஆறு கம்பெனிங்க சமரசத்துக்கு வந்துச்சு, 2019 ஜூலைல கோர்ட் ஒப்புதல், 500 கோடி ராண்ட், அதைப் பங்கு போட ட்ஷியமிசோ டிரஸ்ட். ஆட்சியையே எதிர்த்துக் கேக்காம நுரையீரல்ல இருக்கற தூசியைக் கேட்டாங்க. தூசிக்கு எக்ஸ்ரே இருக்கு, வேலை பாத்ததுக்கு ஆள் சேர்ப்பு ஏஜென்சியான டெபாவோட பதிவு இருக்கு. நாலு கண்ணியும் ஒரே ஃபைல்ல.

அந்த டிரஸ்ட்ல கேக்கணும்னா 1965 மார்ச் 12-க்கும் 2019 டிசம்பர் 10-க்கும் நடுவுல ஒப்பந்தத்துல இருக்கற சுரங்கத்துல வேலை பாத்திருக்கணும், அடையாள அட்டை, வேலைப் பதிவு, மருத்துவப் பரிசோதனை. நோயோட தீவிரத்தைப் பொறுத்து தொகை மாறும், உச்சமா 5 லட்சம் ராண்ட் வரைக்கும். மனு போட ஒரு பைசா குடுக்க வேண்டாம். வாங்கித் தர்றேன்னு கமிஷன் கேட்டு ஊருக்குள்ள வர்ற புரோக்கரை வாசல்லயே திருப்பி அனுப்புங்க, நம்ம ஊர் விபத்து கேஸ்ல ஆஸ்பத்திரி வராண்டாவுலயே வக்காலத்துல கைநாட்டு வாங்கற கூட்டத்தைப் பாத்தவன் நான்.

உங்க அரசாங்கம் உங்க பக்கம் நிக்கும்னு நம்பிடாதீங்க. 2003-ல தென்னாப்பிரிக்கா அரசாங்கமே, மண்டேலா கட்சி அரசாங்கமே, முதலீடு ஓடிடும்னு பயந்து இந்தக் கேஸ் வேண்டாம்னு அமெரிக்க நீதிபதிக்கு எழுதுச்சு. அதே வருஷம் பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 30,000 ராண்ட் ஒரு தடவை குடுத்துட்டு, உண்மை ஆணையம் கேட்ட கம்பெனி வரியைக் கிடப்புல போட்டாங்க. ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு மாதிரி ஆளுங்க கேஸுக்கு ஆதரவா நின்னாங்க, விடாம அழுத்தம் குடுத்தாங்க, 2009-ல புது நீதி அமைச்சர் ஜெஃப் ரடெபே எங்களுக்கு எதிர்ப்பு இல்லன்னு கடிதம் குடுத்தாரு. அதனால கேஸோட கூடவே உள்ளூர்ல கூட்டம், கடிதம், எம்பி வீட்டு வாசல், எல்லாம் நடக்கணும். 2000-ல ஜெர்மனில நாஜி காலத்துக் கட்டாய உழைப்புக்கு அரசும் கம்பெனிகளும் பாதிப் பாதி போட்டு 1,000 கோடி மார்க்குக்கு அறக்கட்டளை வச்சாங்க, 16 லட்சம் பேருக்கு மேல பணம் போச்சு. அங்க தீர்ப்பு வரலை, கேஸ் குடுத்த பயமும் தெருவுல குடுத்த அழுத்தமும் சேர்ந்துதான் பணம் வந்துச்சு.

சமரசம் பேச வந்தா போகலாமா? போகலாம், ஆனா தொகை எப்படிப் பிரியும், வக்கீல் பங்கு எவ்வளவு, மனுல பேரு இல்லாதவங்களுக்கு என்னங்கறதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்க. பணம் வந்தப்பறம் பேசினா ஊர் ரெண்டாகும். தென்னாப்பிரிக்கா கேஸ்ல, திவாலாகிப்போன பழைய ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பு 2012-ல அதிகபட்சம் 15 லட்சம் டாலர்னு ஒத்துக்குச்சு, தப்பு பண்ணோம்னு ஒத்துக்கலை. 25 பேருக்கு. எனக்குத் தெரிஞ்சு அந்தக் கேஸ்ல வந்த காசு அவ்வளவுதான், ஆனாலும் அந்தக் காகிதம் அவங்க கையில இருக்கு. பணத்தோட மன்னிப்பும் கேளுங்க, ஆவணங்களைத் திறந்து விடச் சொல்லியும் கேளுங்க, கம்பெனி பணத்தை விட அதுக்குத்தான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

கடைசியா காலம். தென்னாப்பிரிக்காவுல சாதாரண நஷ்டஈட்டுக் கேஸுக்கு 3 வருஷம்தான் கெடு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு, உண்மை எப்போ தெரிய வந்துச்சுங்கறதை வச்சு கெடு ஆரம்பிக்கற இடங்களும் உண்டு. அதனால கம்பெனியோட பங்கு உங்களுக்கு எந்தக் காகிதத்துல, எந்தத் தேதில தெரிஞ்சுதுன்னு அன்னைக்கே எழுதி வையுங்க. சிலிகோசிஸ் கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே தொழிலாளிங்க ஒவ்வொருத்தரா செத்துட்டு இருந்தாங்க, 2016 தீர்ப்புல கோர்ட் அதையும் யோசிச்சு, வாதி நடுவுல செத்தா அவரோட நஷ்டஈடு வாரிசுக்குப் போகும்னு சட்டத்தையே கொஞ்சம் நகர்த்திச்சு. ஆகவே வாக்குமூலம் வாங்கற அன்னைக்கே வாரிசு பேரு, கல்யாணத்துக்கு ஒரு ஆதாரம், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ் இதையும் அதே ஃபைல்ல போடுங்க. ஃபைல் ரெண்டு செட். ஒண்ணு வக்கீல்கிட்ட, இன்னொண்ணு மகளோ பேத்தியோ, வீட்டுல சின்னவங்க யாரோ அவங்ககிட்ட, எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு கூட உக்காந்து ஒருதடவை படிச்சுக் காட்டிட்டுக் குடுங்க.